பூட்டுக்கு எண்ணெய்

வினாத்தாளைக் கொடுத்தாயிற்று. இனி நாற்பது நிமிடங்களுக்கு எனக்கு வேலை இல்லை, அதுதான் தொல்லை. ஆறாம் வகுப்பு ஆ பிரிவு, நாற்பத்து மூன்று பெண்கள், ஐந்தாம் வகுப்பில் கற்ற கணக்கில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் அடிப்படைத் தேர்வு. பதினொன்று இருபதுக்கு மணி அடிக்கும். அடித்ததும் மாதா சுரூபத்தின் காலடியில் இருக்கும் அந்த மரப்பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொள்ள, மற்றவர்கள் வரிசையாகப் பின்தொடர, சிற்றாலய முற்றத்துக்குப் போக வேண்டும். பெட்டியை நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அது இருக்கும் திசை என் இடது கன்னத்துக்குத் தெரிகிறது, அடுப்பருகே உட்கார்ந்தவளுக்குச் சூடு தெரிவதுபோல. முதல் வரிசையில் ஒருத்தி பென்சிலைக் கடிக்கிறாள். கடிக்காதே என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். இந்த வாரம் இப்படி நான் விழுங்கிய கண்டிப்பு எத்தனையாவது? முப்பத்து மூன்று ஆண்டுகளில் கண்டிக்கத் தயங்கியவள் அல்ல நான். எமரென்சி மிஸ் வராண்டாவின் அந்தக் கோடியில் வந்தால் இந்தக் கோடியில் பேச்சு நின்றுவிடும் என்று சொல்வார்கள். அதை நான் குறையாக எண்ணியதே இல்லை. ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அன்சிலா. கதவருகே கடைசி பெஞ்சில் டெல்பின். புதன்கிழமை காலைவரை இருவரும் ஒரே பெஞ்ச். இருவருக்கும் நடுவில் இப்போது இருக்கும் அத்தனை தலைகளையும் நானே எடுத்து வைத்தேன். அன்சிலாவின் தண்ணீர்ப் பாட்டில் பெஞ்சின் ஓரத்தில் நிற்கிறது, நீல மூடி, கழுத்துவரை நிறைந்து. காலையில் நிரப்பியபடியே இருக்கிறது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. ஜூன் மாத வெயிலில் பதினொரு வயதுக் குழந்தை ஒரு நாள் முழுக்க ஒரு மிடறு குடிக்கவில்லை. நேற்றுக் காலை வழிபாட்டில் தலை சுற்றி உட்கார்ந்தவளை நிழலுக்கு அழைத்துப் போனார்கள்; காலையில் சாப்பிடவில்லையோ என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். காரணம் தெரிந்தவள், தெரியாதவளின் குரலில்.

பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும்: இதை வாசிப்பவர் கடவுள் ஒருவரே. எழுத்து மங்கும்போதெல்லாம் நான்தான் மேலெழுதுவேன். இந்தப் பள்ளியின் வழக்கம் இது, வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆண்டின் முதல் திங்கட்கிழமை, ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருத்தியும் தான் எதற்குப் பயப்படுகிறாள் என்று பெயர் போடாமல் கால்தாளில் எழுதி நான்காக மடித்துப் பெட்டியின் துளையில் போட வேண்டும். முதல் வெள்ளியன்று பெட்டியைத் திறந்து, ஒன்றையும் பிரிக்காமல், முற்றத்தில் கனலும் தூபக்கலசத்தில் சாம்பிராணியோடு போட்டுவிடுவார்கள். புகை சிலுவையின் உயரத்துக்கு ஏறுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். சாவி, ஓய்வுபெற்று மடத்திலேயே தங்கிவிட்ட சிஸ்டர் ஜசிந்தாவிடம் ஆண்டு முழுவதும் இருக்கும். இந்தத் திங்கட்கிழமையும் நான் இந்த மேடையில் நின்று, "சாவி ஜசிந்தா சிஸ்டர்ட்ட இருக்கு. எனக்கே கிடையாது. யாரும் வாசிக்க மாட்டாங்க, தைரியமா எழுதுங்க" என்றேன். என் குரலை நம்பித்தான் எழுதினார்கள். கண்டிப்பானவள் பொய் சொல்லமாட்டாள் என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தச் சாவி இப்போது என் கைப்பையில், கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடக்கிறது.

இரக்கத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். புதன்கிழமை முழுவதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சிறியது, அதனால்தான் விழுங்க முடியவில்லை. இந்த ஆண்டு மாணவர் நலப் படிவம் என்று ஒன்றை நிர்வாகம் அனுப்பியிருந்தது. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பக்கம்: உறக்கம், உணவு, நட்பு, காணப்பட்ட கவலைகள், எடுத்த நடவடிக்கை. சென்ற ஆண்டு இதன் சோதனைப் பதிப்பை அடுத்த பிரிவு ஆசிரியை நிரப்பிய விதத்தைத் தலைமையாசிரியை கூட்டத்தில் உயர்த்திக் காட்டினார், கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் காதிலிருந்து போகவில்லை. அடுத்த ஏப்ரலில் ஓய்வு பெறப்போகிறவள், முதுகலையில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம் பெற்றவள், இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் படிவத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். திங்கள் மாலை 'காணப்பட்ட கவலைகள்' என்ற கட்டம் நாற்பத்து மூன்று பக்கங்களிலும் வெறுமையாக இருந்தது. பெட்டி நிறைந்திருந்தது. அவ்வளவுதான். மடத்துக்குப் போய், "சிஸ்டர், பெட்டிப் பூட்டு இறுகிப்போச்சு, கொஞ்சம் எண்ணெய் விடணும்" என்றேன். ஜசிந்தா சிஸ்டருக்கு எண்பத்தாறு வயது. ஜெபமாலையை நிறுத்தாமலே தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். "தேங்காய் எண்ணெய் விட்டுறாத, கட்டிப்போகும். தையல் மெஷின் எண்ணெய் அலமாரியில இருக்கு, எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டேன். பூட்டுக்கு எண்ணெயும் விட்டேன், பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்பதுபோல. இரண்டு சொட்டு. பூட்டு சத்தமே இல்லாமல் திறந்தது. எண்ணெய் வாசனை விரலில் இன்னும் இருப்பதாகத் தோன்றுகிறது, மூன்று நாள் சோப்புப் போட்ட பிறகும்.

மணி பத்து ஐம்பத்தாறு. ஏழாவது கணக்கில் எல்லோரும் தடுமாறுகிறார்கள், பின்னங்கள். எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அன்சிலாவின் பெஞ்சைத் தாண்டும்போது கால் தானாக விரைந்தது. அவள் உதடு வெடித்திருக்கிறது. விடைகள் சரியாக இருக்கின்றன, அடித்தல் திருத்தல் இல்லாமல். நாற்பத்து மூன்று சீட்டுகளையும் திங்கள் மாலை இதே மேசையில் பிரித்தேன். கக்கூஸில் பல்லி. இங்கிலீஷ் மிஸ் கேள்வி கேட்டால். அப்பா படகில் போகும்போது காற்று அடித்தால். அம்மாவுக்குத் தம்பி பிறந்தால் என்னை மறந்துவிடுவாள். ஒருத்தி வெறும் 'இருட்டு' என்று மட்டும் எழுதியிருந்தாள். அப்புறம், எமரென்சி மிஸ். எமரென்சி மிஸ்ஸின் கண்ணாடி. எமரென்சி மிஸ் பேர் சொல்லிக் கூப்பிடுவது. பதினொரு சீட்டு. பள்ளி திறந்து ஒரே நாளில் பதினொரு பேர். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, 'காணப்பட்ட கவலை: நான்' என்றா? எதிலும் பேர் இல்லை, ஆகவே எதுவும் படிவத்துக்கு உதவாது என்று எரிச்சலோடு மடித்துக்கொண்டே வந்தேன். எரிச்சலோடு, ஆம். அப்போது அந்த ஒன்று. "நான் படுக்கையில ஒண்ணுக்குப் போயிருதேன். இங்க வந்தும் ரெண்டு நாள் போயிட்டேன். டெல்பினுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொல்ல மாட்டாள். வேற யாருக்கும் தெரியக் கூடாது ஆண்டவரே." விடுதிப் படுக்கைப் பட்டியலைப் பார்த்தேன். டெல்பினுக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் அன்சிலா. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு மகிழ்ச்சி வந்தது. அதை மறக்காமல் இங்கே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என் நெஞ்சில், மகிழ்ச்சி வந்தது. கட்டம் நிரம்பியது. 'எடுத்த நடவடிக்கை' என்று அடுத்த கட்டம் காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சீட்டோடு விடுதிக் காப்பாளர் சிஸ்டர் பெனடிக்டாவிடம் போனேன். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஆளாக நிற்கிறவர், கெட்டவர் அல்ல. ஒரு கையில் மளிகைப் பட்டியல், இன்னொரு கையில் தொலைபேசி. வாசித்துவிட்டு, "ஐயோ பாவம், இத முதல்லயே சொன்னா ஒரு ரப்பர் ஷீட் போட்டிருப்பேனே" என்றார். என் பெயர் வர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதைக் கேட்க மறக்கவில்லை, பாருங்கள். அன்று மதியமே உதவிக்கு இருக்கும் அம்மாளிடம் சொல்லி அந்த ஒரு கட்டிலில் மட்டும் சிவப்பு ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டார். மாலையில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போனபோது, நாற்பது பேர் படுக்கும் கூடத்தில் ஒரே ஒரு சிவப்புக் கட்டில். ஊருக்கே தெரிய வேறு என்ன வேண்டும்? "கடக்கரைக்காரி வரும்போது கடலையும் கூட்டிட்டு வந்துட்டாட்டி" என்று ஒருத்தி சொன்னாளாம். "ராத்திரி படகு விடணும், பிள்ளைகளா, நீந்தி வாங்க" என்று இன்னொருத்தி. சிரித்திருப்பார்கள். அந்த வயதில் நானும் சிரித்திருப்பேன். கடல் பகடி நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் ஒரு வெட்கம், இப்போது நினைத்தால்கூட உதட்டோரம் அசைகிறதே. அன்சிலா சிரிக்கவில்லை, அழவும் இல்லையாம். நேரே டெல்பினிடம் போய், "நீதான சொன்ன" என்று கேட்டிருக்கிறாள். சனியும் ஞாயிறும் பொழுது விடியும் முன்னே அவளோடு எழுந்து, சத்தம் கேட்காமல் குழாயைப் பாதியாகத் திறந்து, விரிப்பை அலசிக் கொடுத்தவள் டெல்பின். வேறு யார் சொல்லியிருக்க முடியும்? நியாயமான கணக்கு. கொடுத்த தரவுகளை வைத்துப் பார்த்தால் விடை சரிதான். ஒரு தரவு என் கைப்பையில் இருந்தது.

பின்பெஞ்சில் ஒரு கை. டெல்பின். "மிஸ், இன்னொரு தாள்." கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கமாக அவர்கள்தான் எழுந்து வந்து வாங்க வேண்டும். அவள் வியப்போடு நிமிர்ந்து, "நான் வந்திருப்பேன்லா மிஸ்" என்றாள். இந்தப் பெண்ணுக்கு என்மேல் கோபம் இல்லை. கோபப்பட வேண்டும் என்றே தெரியவில்லை. புதன்கிழமை காலை, ஆசிரியர் அறைக்கு வெளியே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருவரும் நின்றார்கள். அன்சிலா இடம் மாற்றிக் கேட்டாள். ஏன் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "இவ சொல்லிட்டா மிஸ்" என்றாள், எதை என்று சொல்லாமல். டெல்பினுக்கு மூச்சு இரைத்தது. "மாதா சத்தியமா நான் சொல்லல மிஸ். நீங்களே விசாரிங்க மிஸ். யாரு சொன்னானு நீங்க கண்டுபிடிச்சிருவீங்க மிஸ்." கண்டுபிடித்துவிடுவேன் என்றாள் என்னிடம். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மூன்று சொல். என் நாக்கு முப்பத்து மூன்று ஆண்டு வழக்கப்படி வேறொன்றைச் சொன்னது: "நடந்தது நடந்துபோச்சு. சண்டை வேண்டாம். டெல்பின், நீ ஒரு சாரி சொல்லு, அதோட முடிச்சிக்கலாம். மன்னிப்புக் கேக்கிறதால யாரும் குறைஞ்சுபோயிட மாட்டாங்க." டெல்பின் என்னைப் பார்த்தாள்.  பிறகு அன்சிலாவைப் பார்த்து, "சாரி" என்றாள். அவ்வளவுதான், அன்சிலாவுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. செய்யாதவள் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள்? இருவரையும் வகுப்பின் இரு கோடிகளில் உட்காரவைத்துவிட்டு, படிவத்தில் 'நட்பு: சுமுகம்' என்று எழுதினேன். 'போதிய நீர் அருந்துகிறார்: ஆம்' என்று எல்லோருக்கும் சேர்த்து முன்பே குறியிட்டிருந்தேன்.

யாரும் குறைந்துபோய்விட மாட்டார்கள். எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? என் மகள் ஷாலட் ஒருமுறை இதையே என்னிடம் கேட்டாள், கோயம்புத்தூரிலிருந்து, அவளுக்குக் குழந்தை பிறந்த புதிதில்: "அம்மா, நீ எங்கிட்ட ஒரு நாளாவது சாரி சொல்லியிருக்கியா? சும்மா யோசிச்சுப் பாரேன்." யோசித்துப் பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை என்று பதில் சொன்னேன், சாதுரியமான பதில் என்று அப்போது தோன்றியது. புதன் மாலை நானே அவளை அழைத்தேன். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இப்படிச் செய்துவிட்டாள் என்று சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அடப்பாவமே. அந்தப் பிள்ளையைவிட இன்னொரு பிள்ளைதான்மா பாவம்" என்றாள். பிறகு, "அந்த டீச்சர் பேரு என்ன?" "உனக்குத் தெரியாது."  "தெரியாதவங்கதானே?" என்றாள். நான் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். வியாழக்கிழமை குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன், முதல் வெள்ளிக்கு முந்தின நாள், நீண்ட வரிசை. கொடுத்த வாக்கைக் காக்கவில்லை சுவாமி என்றேன். ஒரு பொய் சொன்னேன் என்றேன். எந்த வாக்கு, யாருக்கு, அதனால் யார் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். கடை அடைக்கும் நேரத்தில் பொட்டலம் கட்டித் தருவதுபோல இருந்தது. முழங்காலிட்டு மூன்றையும் சொன்னேன், ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக, உச்சரிப்பு பிசகாமல். எழுந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. அந்தக் கூண்டுக்குள் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் மனிதர்கள் வாய் திறக்கிறார்கள். அந்தக் குருவானவர் என்னைப்போலப் படிவத்தில் எழுதி வைத்துக்கொண்டால்?  அதைத்தான் நான் அந்தக் குழந்தைக்குச் செய்திருக்கிறேன்.

பதினொன்று பத்து. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, எதையும் செய்யாமல் விட்டுவிடுவதற்கும் அது தாராளமாகப் போதும். கைப்பையில் இருக்கும் அன்சிலாவின் சீட்டை வரிசையில் போகும்போது பெட்டிக்குள் நழுவவிடலாம், துளை இருக்கிறது, எரிந்துவிடும். நாற்பத்து மூன்றும் எரிந்துவிடும். ஜசிந்தா சிஸ்டரிடம் சாவியைக் கொடுத்து, எண்ணெய் விட்டாயிற்று சிஸ்டர், இப்போது நன்றாகத் திறக்கிறது என்று சொல்லலாம், உண்மைதானே. பிள்ளைகள் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். டெல்பின் வேறு தோழியைப் பிடித்துக்கொள்வாள். அன்சிலா? தாகத்தோடு படித்துத் தேறிவிடுவாள், அந்த வகைப் பெண், வாய் திறக்காமல் எல்லாவற்றையும் தாங்கி முதல் இடம் வாங்கிவிட்டு, அறுபது வயதில் எவர் முகத்தையும் நம்பாதவளாக ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அந்த முகம் எனக்கு எங்கோ பழக்கமாக இருக்கிறது, வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். இல்லையென்றால் மேடையில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், கண் கலங்கக்கூடச் செய்யலாம், எமரென்சி மிஸ் எவ்வளவு பெரிய மனசு என்று வராண்டா முழுக்கப் பேசுவார்கள். பார்த்தாயா, அதிலும் ஒரு கைதட்டல் கேட்கிறது உனக்கு. வீட்டிலிருந்து வந்து போகும் பதினெட்டுப் பேருக்குச் சிவப்பு விரிப்பைப் பற்றி இன்னும் தெரியாது. நீ அழுது அவர்களுக்கும் சொல்லிவிடுவாய். பெட்டியைத் திறந்தது எல்லோருக்கும் செய்தது. அதை எல்லோரிடமும் சொல்ல வேண்டும். மற்றது இரண்டு பேருக்குச் செய்தது. அந்த இரண்டு பேர்தான் பெட்டியைத் தூக்கப் போகிறவர்கள். திங்கட்கிழமை அவர்களே ஒன்றாகக் கை தூக்கி, "நாங்க மிஸ், நாங்க" என்று கேட்டு வாங்கிய வேலை. பிறகு வேண்டாம் என்று இருவரும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லப் பயந்திருப்பார்கள். அந்தப் பதினொரு சீட்டில் டெல்பினுடையதும் உண்டா என்று இப்போது அறிய ஆசையில்லை. கை வியர்க்கிறது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டால் மை படும், இல்லை, மை இல்லை, எண்ணெய், அதுவும் இல்லை. பதினொன்று பதினேழு. கைப்பையைத் திறக்கும் சத்தம் இவ்வளவு பெரிதாகவா இருக்கும்?

மணி அடித்தது. தாள்களை வாங்கி அடுக்கினேன். பெட்டியைச் சுரூபத்தின் அடியிலிருந்து நானே எடுத்து மேசைமேல் வைத்து, பக்கத்தில் சாவியை வைத்தேன். முன்வரிசைக்கு உடனே தெரிந்துவிட்டது.  "திங்கட்கிழமை நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அத நான் காப்பாத்தல. சாவிய வாங்கிப் பெட்டியத் திறந்தேன். வாசிச்சேன். தப்பு என்னோடது. நீங்க என்னை நம்பி எழுதினீங்க, அது தப்பில்ல."  நடுவரிசையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று, "எல்லாத்தையுமா மிஸ்?" என்றது. "எல்லாத்தையும்." ஐந்தாறு முகங்கள் வெளிறின, பின்னால் ஒருத்தி, "செத்தோம்ட்டி" என்றாள், கேட்கும்படியாகவே. "பயப்படாதீங்க" என்று சொன்னேன், அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தும். வராண்டாவில் வரிசையாக நிற்கச் சொல்லி அனுப்பினேன். பெட்டி தூக்குகிற இருவரும் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். சீட்டை எடுத்தேன். மடிப்புகளில் அழுக்கேறியிருந்தது. "அன்சிலா, இது உன்னோடது. டெல்பின் யார்கிட்டயும் சொல்லல. நான் வாசிச்சு, நான்தான் பெனடிக்டா சிஸ்டர்ட்ட சொன்னேன். புதன்கிழமை அது தெரிஞ்சும் டெல்பினை மன்னிப்புக் கேக்க வச்சேன். டெல்பின், கேக்க வேண்டியவ நான். மன்னிச்சிரு. ரெண்டு பேரும்." டெல்பின், "சரி மிஸ்" என்றாள், வீட்டுப்பாடம் சொன்னால் சொல்வதுபோல. அன்சிலா சீட்டை வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. "வேற யாரு மிஸ் வாசிச்சா?" "வேற யாருமில்ல. சிஸ்டரும் நானும்." அன்சிலா என் கண்ணாடியை நேராகப் பார்த்தாள், இந்த வாரத்தில் முதல் தடவையாக, பயமே இல்லாமல். அதைத் தாங்க முடியாமல் நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டியின் துளை அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. சீட்டை அதில் போடாமல் பினஃபோர் பைக்குள் வைத்து, பையைக் கையால் அழுத்திக்கொண்டாள்.  பிறகு டெல்பின் ஜன்னல் பக்கம் போய் நீல மூடிப் பாட்டிலை எடுத்து வந்து அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். "குடி. நீ மயங்கி விழுந்தா நான் ஒத்தையிலயா தூக்க?" அன்சிலா வாங்கவில்லை. "அன்னிக்கு ஏன்ட்டி சாரி சொன்ன?" என்றாள், குரல் உடைந்து. "மிஸ் சொல்லச் சொன்னாங்கள்லா" என்றாள் டெல்பின், அதைவிட வெளிப்படையான காரணம் உலகத்தில் இல்லை என்பதுபோல. அன்சிலா பாட்டிலை வாங்கி ஒரு மிடறு குடித்தாள், நிறுத்தி, பிறகு இன்னொன்று. இருவரும் பெட்டியின் இரு பக்கமும் குனிந்தார்கள். "ஏட்டி, ஒழுங்காப் பிடி, எம்பக்கம் சாயுது." வாசற்படியில் பெட்டி இன்னும் சாய்ந்தது. பின்னால் வந்த நான் அறியாமல் கையை நீட்டினேன். அன்சிலா திரும்பாமலே சொன்னாள், "வேண்டாம் மிஸ். நாங்க பாத்துக்கிடுதோம்."